போதும் என்று யார் சொல்வது?

1994 ஜனவரி 23, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் டல்லஸ் நகரம் கொண்டாடிக்கொண்டிருந்தது. உள்ளூர் அணியான கௌபாய்ஸ், சான் பிரான்சிஸ்கோ அணியை 38-21 என்று தோற்கடித்து, அந்த நாட்டின் மிகப் பெரிய விளையாட்டுத் திருவிழாவான சூப்பர் பௌலுக்குள் நுழைந்துவிட்டது. அணியின் நாயகனான 27 வயது ட்ராய் எய்க்மன் மட்டும் கொண்டாட்டத்தில் இல்லை. மருத்துவமனையில், விளக்கு அணைத்த ஓர் அறையில் படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஏஜென்ட் லீ ஸ்டைன்பர்க்.

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்டார் எய்க்மன். தலையில் அடிபட்டது என்றார் ஸ்டைன்பர்க். இன்று ஆடினேனா? ஆடினாய். ஜெயித்தோமா? ஜெயித்தோம். அப்படியென்றால்? சூப்பர் பௌலுக்குப் போகிறோம். எய்க்மனின் முகம் மலர்ந்தது. ஐந்து நிமிடம் போனது. எய்க்மன் திரும்பிப் பார்த்தார். நான் ஏன் இங்கே இருக்கிறேன்? இன்று ஆடினேனா? ஜெயித்தோமா? அதே கேள்விகள், அதே வரிசை, முடிவில் அதே மலர்ச்சி. சற்று நேரம் கழித்து மறுபடியும்.

ஸ்டைன்பர்க் இந்தச் சம்பவத்தைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நினைவுள்ள மனிதனுக்கும் நினைவிழந்த மனிதனுக்கும் நடுவே இருப்பது இத்தனை மெல்லிய நூலா என்று அன்று பயந்துபோனாராம். சரியாக ஏழு நாள் கழித்து எய்க்மன் அட்லாண்டாவில் சூப்பர் பௌல் ஆடினார். அணி 30-13 என்று ஜெயித்தது. முந்தைய ஞாயிறு ஆடிய ஆட்டம் மட்டும் அவருக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வதில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், ஏந்தியவர் மீது பாய்ந்து வீழ்த்துவார்கள். இதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் சூத்திரதாரி. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எங்கே எறிவது, யாரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையுள்ளவர்கள் அவரை நோக்கி ஓடி வருகிறார்கள். அவர் அவர்களைப் பார்க்கக் கூடாது. தொலைவில் ஓடும் தன் ஆளைத்தான் பார்க்க வேண்டும். வலது கைக்காரர் எறியத் திரும்பி நிற்கும்போது இடப்பக்கம் முழுவதும் கண்ணுக்கு மறைந்துவிடும். ‘குருட்டுப் பக்கம்’ என்றே அதற்குப் பெயர். அந்தப் பக்கத்தைக் காக்கும் ஆளுக்கு அணியில் தனிச் சம்பளம், தனி மரியாதை.

அடி வருவது தெரிந்தால் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும். கழுத்துத் தசை இறுகும், தாடை இறுகும். தெரியாமல் வந்தால் தலை பொம்மைத் தலைபோல ஆடும். குவார்ட்டர்பேக்குக்குப் பெரும்பாலும் வருவது இந்த இரண்டாம் ரகம்.

கன்கஷன் என்று டாக்டர்கள் சொல்வதை மூளை அதிர்வு என்று வைத்துக்கொள்ளலாம். மண்டையோட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. கெட்டித் தயிர்போல மெத்தென்ற பொருள். தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ உள்ளே அது குலுங்கும், முறுக்கிக்கொள்ளும். நரம்பு இழைகள் இழுபடும். செல்களின் ரசாயனச் சமநிலை குலைந்து, அதைச் சரிசெய்ய மூளைக்கு ஏராளமான சக்தி தேவைப்படும் நேரத்தில் சக்தி வரத்து குறைந்துபோகிறது. அந்தப் பலவீனமான நாட்களில் இரண்டாவது அடி விழுந்தால் சேதம் அதிகம். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நினைவு தப்பி விழுந்தால்தான் கன்கஷன் என்று பலர் நினைக்கிறார்கள். விளையாட்டில் நேரும் கன்கஷன்களில் பத்தில் ஒன்றில்கூட அப்படி நேர்வதில்லை. தலைவலி, வெளிச்சம் கூசுவது, குமட்டல், எரிச்சல், மறதி, பார்வை மங்கல் ஆகியவைதான் அடையாளம். இவற்றில் பலவற்றை அடிபட்டவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முழங்கால் முறிந்தால் வலியைப் பற்றி நிதானமாக யோசிக்க மூளை இருக்கிறது. மூளையே அடிபட்டால்? ‘எனக்கு ஒன்றுமில்லை, நான் ஆடுவேன்’ என்று சொல்வது அந்த அடிபட்ட உறுப்புதான். அமெரிக்கக் கால்பந்து இந்தச் சாட்சியை நம்பித்தான் பல பத்தாண்டுகள் நடந்தது. ‘விரல் எத்தனை? இது எந்த ஊர்?’ என்று இரண்டு கேள்வி, மூக்கருகே அமோனியா உப்பு, மறுபடி மைதானம்.

எய்க்மனின் மருத்துவமனை இரவுக்குப் பிறகு ஸ்டைன்பர்க் நரம்பியல் நிபுணர்களையும் தன் கட்சிக்காரர்களையும் ஒரே அறையில் கூட்டினார். அவர் கேட்டது எளிய கேள்வி: எத்தனை அடியோடு நிறுத்த வேண்டும்? மூன்றா, ஐந்தா, பத்தா? டாக்டர்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. டாம் குரூஸ் நடித்து 1996ல் வந்த ‘ஜெர்ரி மக்வையர்’ படத்தின் ஏஜென்ட் பாத்திரத்துக்குத் தூண்டுதல் இந்த ஸ்டைன்பர்க்தான். அந்தப் படத்தில் நாயகனின் மனசாட்சியைக் கிளப்பிவிடுவது, தலையில் அடிபட்டுக் கிடக்கும் ஐஸ் ஹாக்கி வீரரின் சின்ன மகன் கேட்கும் கேள்வி: அப்பாவை யாராவது நிறுத்த வேண்டாமா? படத்தில் ஏஜென்ட் மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நிஜத்தில் ஸ்டைன்பர்க்கின் நிலையும் சங்கடமானதுதான். வீரர் ஆடினால்தான் அவருக்குக் கமிஷன்.

ஸ்டைன்பர்க்கின் கட்சிக்காரர்களில் இன்னொருவர் சான் பிரான்சிஸ்கோ அணியின் ஸ்டீவ் யங். இடது கைக்காரர், சட்டப் பட்டதாரி, லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை 1992லும் 1994லும் வாங்கியவர். 1995 ஜனவரியில் மயாமியில் நடந்த சூப்பர் பௌலில் ஆறு டச்டவுன் பாஸ்கள் எறிந்து, சான் டியேகோ அணியை 49-26 என்று நொறுக்கினார். அன்று எதிரணியின் குவார்ட்டர்பேக் ஸ்டான் ஹம்ஃப்ரீஸ். அந்த இருவரில் தோற்றவர் 1998ல், அடுத்தடுத்த கன்கஷன்களால் 32 வயதில் ஓய்வு பெற்றார். ஜெயித்தவருக்கு 1999 செப்டம்பர் 27 அன்று அரிஸோனாவில் கடைசி ஆட்டம். பாய்ந்து வந்த தடுப்பாட்டக்காரர் மோதி விழுத்தியதில் யங் அசைவின்றிக் கிடந்தார். பிறகு எழுந்து, மறுபாதியில் ஆட அனுமதி கேட்டார். கோச் ஸ்டீவ் மரியூச்சி மறுத்துவிட்டார். அதன் பிறகு யங் ஒரு பந்துகூட ஆடவில்லை. கணக்கில் வந்த கன்கஷன்கள் ஏழு என்று பத்திரிகைகள் எழுதின. கணக்கில் வராதவை எத்தனையோ.

2000 ஜூனில் ஓய்வை அறிவித்தபோதும், ஆட முடியாது என்று அவர் சொல்லவில்லை. தோள் நன்றாக இருந்தது, கால் நன்றாக இருந்தது. டென்வர் அணியில் ஆடுவது பற்றிகூட யோசித்துப் பார்த்திருக்கிறார். அதுவரை ஆடிய அத்தனை குவார்ட்டர்பேக்குகளிலும் அவருடைய பாஸ் ரேட்டிங்தான் உச்சம். அந்த நிலையில் இருப்பவர் ‘போதும்’ என்று சொல்வது, பசியோடு இருப்பவர் இலையை மடிப்பது மாதிரி.

எய்க்மனின் முறை 2000 டிசம்பர் 10 அன்று வந்தது. வாஷிங்டன் அணிக்கு எதிரான ஆட்டம். அது அவருடைய பத்தாவது கன்கஷன் என்றார்கள். அடுத்த மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. வைத்துக்கொண்டிருந்தால் 70 லட்சம் டாலர் போனஸ் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். ஏப்ரலில் 34 வயதில் ஓய்வு. தலையைவிட முதுகுதான் தன்னை நிறுத்தியது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். இன்று தொலைக்காட்சியில் முன்னணி வர்ணனையாளர்.

‘தலையைக் காத்துக்கொள்ளச் சரியான நேரத்தில் விலகியவர்கள்’ என்று இவர்களைப் பட்டியல் போடுவது அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு வழக்கம். உற்றுப் பார்த்தால், தனியாக யோசித்துத் தானே கதவைத் திறந்தவர் அரிது. ஒருவருக்குக் கோச் குறுக்கே நின்றார். இன்னொருவருக்கு அணியின் கணக்குப் புத்தகம். இவர்களுக்கும் முன்னோடி டல்லஸ் அணியின் ரோஜர் ஸ்டாபாக். 1979ல் லீகிலேயே உயர்ந்த பாஸ் ரேட்டிங் அவருடையது. அதே பருவத்தில் பல கன்கஷன்கள். நரம்பியல் டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொண்டு, 1980 மார்ச்சில் 38 வயதில் விலகினார். ஸ்டாபாக்கால் ஏன் முடிந்தது? அப்போதே அவருக்கு வேறு வாழ்க்கை தயாராக இருந்தது. ஆடும் காலத்திலேயே ரியல் எஸ்டேட் தொழில் கற்று, 1977ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தவர். 2008ல் அந்தக் கம்பெனி அறுபது கோடி டாலருக்கு மேல் விலை போனது. கால்பந்து அவருக்குத் தந்த பணம் இதன் முன்னால் சில்லறை. போக இடம் இருப்பவருக்குக் கிளம்புவது சுலபம்.

லீகின் நிர்வாகம் என்ன செய்துகொண்டிருந்தது? கமிட்டி போட்டது. நமக்குப் பழக்கமான சங்கதிதான். 1994ல் அமைத்த அந்த மூளைக்காயக் கமிட்டிக்குத் தலைவர் ஒரு மூட்டுவாத டாக்டர்! கன்கஷன் ஆனவர் அதே ஆட்டத்தில் திரும்பி ஆடினால் ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை என்கிற ரீதியில் 2000க்குப் பிறகும் அந்தக் கமிட்டி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டது. இதற்கிடையே 2002ல் பிட்ஸ்பர்க் நகரின் பழைய நட்சத்திரம் மைக் வெப்ஸ்டர், மனம் சிதைந்து, சில காலம் வண்டியிலேயே தூங்கி வாழ்ந்து, 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த இளம் டாக்டர் பென்னட் ஒமாலு. மூளையை வெளியிலிருந்து பார்த்தால் குறையொன்றும் இல்லை. அவர் விடவில்லை. மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்த்தார். டாவ் என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. குத்துச்சண்டை வீரர்களிடம் முன்பே கண்ட நோய், சுருக்கமாக சிடிஇ. 2005ல் அவர் கட்டுரை வந்ததும் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கமிட்டி உறுப்பினர்கள் எழுதினார்கள். 2009ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில், சிகரெட் கம்பெனிகள் பேசிய பேச்சு போலவே இருக்கிறது என்று ஓர் உறுப்பினர் லீக் தலைவரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த டிசம்பரில்தான், கன்கஷன் அறிகுறி கண்டால் அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது என்ற விதி வந்தது. பழைய வீரர்கள் போட்ட வழக்கில் 2013ல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். போதாது என்று நீதிபதி கருதியதால் உச்சவரம்பே நீக்கப்பட்டது. கொடுத்த தொகை இன்று நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ குழுவினர் 2017ல் வெளியிட்ட ஆய்வில், லீகில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110ல் சிடிஇ இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து எல்லா வீரர்களுக்கும் இந்தக் கதிதான் என்று முடிவு கட்டக் கூடாது. சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் மூளையைத் தானம் செய்கின்றன. ஆனாலும் சின்ன எண் அல்ல. 2015ல் புற்றுநோயால் இறந்த ஓக்லண்டின் பழம்பெரும் குவார்ட்டர்பேக் கென் ஸ்டேப்ளரின் மூளையிலும் அது முற்றிய நிலையில் இருந்தது. உயிரோடு இருப்பவருக்கு இந்த நோய் உண்டா என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்னும் கிடையாது. ஆடலாமா, விடலாமா என்று யோசிக்கும் முப்பது வயதுக்காரர் தன் கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று தெரியாமலே செக் எழுத வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிடிஇ விஷயத்தில் அதிகம் பாதிக்கப்படுவது குவார்ட்டர்பேக் அல்ல என்று நினைக்க இடமிருக்கிறது. பெரிய அடிகளின் எண்ணிக்கையைவிட, வருடக்கணக்கில் சேரும் சின்னச் சின்ன மோதல்கள்தான் அந்த நோயோடு நெருக்கமாகச் சம்பந்தப்பட்டவை என்கிறது இப்போதைய ஆராய்ச்சி. பயிற்சியில் குவார்ட்டர்பேக் தனி நிறச் சட்டை போட்டுக்கொள்வார். அவரைத் தொடக் கூடாது என்று அர்த்தம். அவருக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும் பெருத்த மனிதர்களோ ஒவ்வொரு முறையும் தலையோடு தலை முட்டிக்கொள்கிறார்கள். வெப்ஸ்டர் அந்த வரிசையின் நடுவில் நின்றவர். குவார்ட்டர்பேக் விழுந்தால் தேசமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அவரைக் காப்பாற்றி மூளையைத் தேய்த்துக்கொண்டவரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, விதி வந்துவிட்டதே, வீரர்கள் உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? சொன்ன ஒருவரின் கதை இது. 2012ல் அதே சான் பிரான்சிஸ்கோ அணி. குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித். பல வருட ஏச்சுக்கும் பேச்சுக்கும் பிறகு நல்ல காலம் பிறந்திருந்தது. எறிந்த பந்துகளில் நூற்றுக்கு எழுபது போய்ச் சேர்ந்தன. நவம்பர் 11 ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. கண் மங்குகிறது என்று அவரே சொல்லிவிட்டு வெளியேறினார். அடுத்த ஆட்டத்துக்கு இளைஞர் காலின் கேப்பர்னிக் இறங்கினார், அசத்தினார். ஸ்மித் குணமாகி வந்தார். டாக்டர்கள் சரி என்றார்கள். அவர் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அணி அந்த வருடம் சூப்பர் பௌல் வரை போனது, அவர் ஓரத்தில் நின்று பார்த்தார். அடுத்த ஆண்டு வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். விதியை மீறியவர் யாருமில்லை. கோச் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தார். லீகில் இருந்த ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம். பருவம் தொடங்கும் முன்பு ஒவ்வொருவருக்கும் மூளைத்திறன் சோதனை வைத்து, அடிபட்ட பின் அதோடு ஒப்பிடுவது நடைமுறை. முதல் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவிட்டால் பின்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று 2011ல் பேய்டன் மானிங் சொன்னார். பிறகு அது விளையாட்டுக்குச் சொன்னது என்றார். விளையாட்டுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு டுவா டங்கோவைலோவாவிடம் வருகிறேன். ஹவாயில் பிறந்த, சமோவா வம்சாவளி இளைஞர். யங் மாதிரியே இடது கைக்காரர். மயாமி அணி 2020ல் எடுத்துக்கொண்டது. 2022 செப்டம்பர் 25 அன்று பஃபலோ அணிக்கு எதிராக ஆடும்போது தள்ளப்பட்டு, பின்மண்டை தரையில் மோதியது. எழுந்தார், தலையை உதறினார், நாலு அடி வைத்தார், கால் பின்னிச் சரிந்தார். கோடிக்கணக்கானவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். முதுகு வலி என்று காரணம் சொல்லி, மறுபாதியில் ஆடினார்! நான்கு நாள் கழித்து, சின்சினாட்டியில், வியாழக்கிழமை இரவு ஆட்டத்தில் மீண்டும் தூக்கியெறியப்பட்டார். இம்முறை விரல்கள் முகத்துக்கு முன்னால் விறைத்து முறுக்கிக்கொண்டு நின்றன. மூளைத்தண்டு அதிர்ந்ததன் அடையாளம் அது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். முதல் ஆட்டத்தில் சோதித்த, அணியைச் சாராத நரம்பியல் ஆலோசகரை வீரர் சங்கம் நீக்கியது. தடுமாறி நடந்தாலே அன்றைக்கு ஆடக் கூடாது என்று விதி திருத்தப்பட்டது. இத்தனை கண்காணிப்புக்கு நடுவே, அதே டிசம்பர் 25ம் தேதி கிரீன் பே அணிக்கு எதிராக மறுபடி தலை தரையில் மோதியது. யாரும் கவனிக்கவில்லை. அவர் தொடர்ந்து ஆடி, கடைசிக் கால்பகுதியில் மூன்று பாஸ்களை எதிரணியின் கையில் எறிந்தார். கன்கஷன் என்று மறுநாள்தான் தெரிந்தது.

அந்த விடுமுறையில் மனைவியோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து, விட்டுவிடலாமா என்று யோசித்ததை டுவா மறைக்கவில்லை. விடவில்லை. அதற்குப் பதில் ஜூஜுட்ஸு வகுப்புக்குப் போனார். சண்டை போட அல்ல, விழுவதற்கு. தாடையை மார்போடு ஒட்டி, முதுகை உருட்டி, மண்டை தரையில் படாமல் விழுவது எப்படி என்று மாதக்கணக்கில் பாடம். 2023ல் பதினேழு ஆட்டங்களும் ஆடினார். 4,624 கெஜம் எறிந்து லீகிலேயே முதலிடம். 2024 ஜூலையில் நான்கு வருடத்துக்கு 21.24 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 16.7 கோடி உத்தரவாதத் தொகை.

ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 12, மறுபடி பஃபலோ அணி. பந்தோடு தானே ஓடினார். குவார்ட்டர்பேக் ஓடும்போது கால் முன்னே நீட்டிச் சறுக்கி உட்கார்ந்துவிட்டால் அவரைத் தொடக் கூடாது என்று விதியே இருக்கிறது. அவர் சறுக்கவில்லை. தலையைத் தாழ்த்தி எதிராளியின் மார்பில் மோதினார். பாயில் கற்ற வித்தை பின்னால் விழுவதற்கானது. முன்னால் பாயும் ஆசைக்கு அதில் மருந்தில்லை. மோதப்பட்டவர் டமார் ஹாம்லின். 2023 ஜனவரியில், டுவா ஸ்ட்ரெச்சரில் போன அதே சின்சினாட்டி மைதானத்தில், மார்பில் அடிபட்டு இதயம் நின்றுபோய் உயிர் மீட்கப்பட்டவர். டுவாவின் கை மறுபடி விறைத்தது.

அன்றிரவே வாதம் ஆரம்பித்துவிட்டது. ஓய்வு பெறச் சொல்வேன் என்றார் எதிரணி ஒன்றின் கோச். மயாமி கோச் மைக் மக்டேனியலோ, டுவாவின் எதிர்காலத்தைப் பற்றி நான் பேசுவது தப்பு, அது அவர் வாழ்க்கை என்றார். கனிவான மனிதர், கனிவாகத்தான் சொன்னார். நான்கு ஆட்டம் ஓய்வெடுத்துவிட்டு அக்டோபர் 27ல் டுவா திரும்பினார். ஹெல்மெட்டின் மேல் போடும் மெத்தை உறையை லீக் அந்த வருடம்தான் ஆட்டங்களில் அனுமதித்திருந்தது. போட்டுக்கொள்வீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். மாட்டேன், அது என் சொந்த விருப்பம் என்றார்.

2025 பருவத்தில் டுவாவின் பாஸ்கள் எதிரணியிடம் அடிக்கடி போய்ச் சேர்ந்தன. அதே மக்டேனியல் அவரை உட்காரவைத்துவிட்டு, அனுபவமில்லாத இளைஞர் ஒருவரை இறக்கினார். அதற்கு அவரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அவர் வாழ்க்கை என்றும் சொல்லவில்லை. பந்து தவறினால் முடிவு கோச்சுடையது, மண்டை தவறினால் முடிவு வீரருடையது. இந்த ஏற்பாட்டைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ‘சொந்த முடிவு’ என்ற வார்த்தையில் மரியாதை தெரிகிறது. அதைச் சொல்லும் லீகுக்கும் அணிக்கும், நாளை வழக்கு வந்தால் கை கழுவிக்கொள்ளவும் அது உதவுகிறது.

பணத்தின் கணக்கும் வீரரைத் தள்ளுவது ஒரே திசையில்தான். இந்த மாதிரி உத்தரவாதத் தொகை, காயத்தால் ஆட முடியாது என்று டாக்டர்கள் சொன்னால் கைக்கு வரும். வீரர் தானாகவே போதும் என்று எழுந்தால் மீதியை மறந்துவிட வேண்டியதுதான்; வாங்கிய போனஸில் ஒரு பங்கைத் திருப்பியும் கேட்பார்கள். 2015ல் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, மூளையைப் பற்றிப் படித்துப் பயந்து 24 வயதில் விலகிய சான் பிரான்சிஸ்கோ தடுப்பாட்டக்காரர் கிறிஸ் போர்லண்ட், வாங்கிய போனஸில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். நாணயஸ்தர்தான். ஆனால் வெளியே போக டிக்கெட் எடுக்க வேண்டிய திரையரங்கு எங்கே இருக்கிறது?

வேறு வழி இல்லாமலில்லை. நமக்குத் தெரிந்த ஓர் ஆளையே சொல்கிறேன். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்ட்டில் இந்தியாவுக்கு எதிராக அறிமுகமாகி 62 ரன் எடுத்த ஆஸ்திரேலிய இளைஞர் வில் புகோவ்ஸ்கியை நினைவிருக்கிறதா? அதுவே அவருடைய ஒரே டெஸ்ட். பத்துக்கு மேற்பட்ட கன்கஷன்கள். 2024ல் நிபுணர் குழு ஒன்று அவருடைய மருத்துவ வரலாற்றை முழுக்கப் பரிசீலித்து, இனி ஆட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் 27 வயதில் ஓய்வை அறிவித்தார். களைப்பு, தலைசுற்றல், இடப்பக்கத்தில் ஏதாவது அசைந்தாலே குமட்டல் என்று தனக்கிருந்த கோளாறுகளை அப்போது வெளிப்படையாகப் பேசினார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் ‘போதும்’ என்ற அந்த வார்த்தையை அவர் தனியாக, அடிபட்ட தலையோடு உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்க லீகில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் இது இப்போது நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அடிபட்டால் அன்று ஆடலாமா என்று வீரரைக் கேட்பதில்லை. அணியைச் சாராத டாக்டர் ஓரத்தில் நிற்கிறார், மாடத்தில் பைனாகுலரோடு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். நான்காவது கன்கஷனுக்குப் பிறகு ஒருவர் இன்னும் பத்து வருடம் ஆடலாமா என்ற கேள்விக்குத்தான் அப்படி ஒருவரும் இல்லை. ஒரு குழு வேண்டும். அது வேண்டாம் என்று சொன்னால் ஒப்பந்தப் பணம் முழுதும் தானாக வீரருக்குப் போக வேண்டும். வருடத்துக்கு இரண்டாயிரம் கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்க்கும் லீகுக்கு இது கட்டுப்படியாகாத செலவல்ல.